கற்பனைக்கு முன் வந்த விடுதலை

என் அண்ணன் மகள் துரைப்பாக்கத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை இரவுப் பணியை முடித்துவிட்டு ஞாயிறு காலையில் அறைக்குத் திரும்பும் அவளால் சில மாதங்களாகவே ஆராதனைக்கு ஒழுங்காகப் போக முடியவில்லை. ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டால் அந்த வாரத்தின் ஆசீர்வாதம் தடைபட்டுப் போகும் என்று ஊரிலிருந்து என் அம்மா அவளிடம் தொலைபேசியில் சொல்கிறார். கிறிஸ்தவம் மதமே அன்று, அது ஆண்டவரோடு கொள்ளும் உறவு, ஆராதனை முறைமை, உபவாசம், லெந்து என்னும் தவக்கால நாட்கள் எல்லாம் மனிதர் ஏற்படுத்திய சட்டங்கள் என்று அவளோடு தங்கியிருக்கும் தோழி சொல்கிறாள். "அத்தை, இந்த இரண்டில் எது சரி? எதை நம்பி நான் இரட்சிக்கப்பட்டிருக்கிறேன் என்று சொல்வது?" என்று அவள் என்னிடம் கேட்டாள். அவளிடம் நான் சொன்னதையும், சொல்லி முடித்த பிறகும் என் மனத்தில் தொடர்ந்து ஓடியவற்றையும் இங்கே எழுதுகிறேன். சென்னையின் சபைகளில் இதே கேள்வியை வெளியே சொல்லாமல் சுமந்துகொண்டிருப்பவர்கள் பலர் என்பதை நான் அறிவேன்.

பாட்டியும் தோழியும் எதிரெதிராகப் பேசுவதுபோல் தோன்றினாலும், இருவரும் ஒன்றைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கற்பனைகள், அதாவது தேவனுடைய கட்டளைகள், வேண்டுமா, வேண்டாமா என்று அவர்கள் வாதிடுகிறார்கள். வேதாகமமோ முதலில் வந்தது எது, பின்னால் வந்தது எது என்பதையே நமக்குத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

யாத்திராகமத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தால் இது தெளிவாகும். பன்னிரண்டாம் அதிகாரத்தில் பஸ்கா என்னும் விடுதலைப் பண்டிகை. பதினான்காம் அதிகாரத்தில் சமுத்திரம் பிளந்து இஸ்ரவேல் ஜனங்கள் கடந்துபோகிறார்கள். பத்தொன்பதாம் அதிகாரத்தில், எகிப்தை விட்டுப் புறப்பட்ட மூன்றாம் மாதத்தில், சீனாய் மலையடிவாரத்தை அடைகிறார்கள். இருபதாம் அதிகாரத்தில்தான் பத்துக் கற்பனைகள் வருகின்றன. அந்தக் கற்பனைகளும்கூட ஒரு கட்டளையோடு தொடங்குவதில்லை. "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்ற அறிமுகத்தோடு தொடங்குகின்றன. இந்தப் பத்தையும் கைக்கொள்ளுங்கள், அதன்பின் உங்களை விடுவிப்பேன் என்று பார்வோனின் செங்கற்சூளையில் நின்ற ஜனங்களிடம் அவர் சொல்லவில்லை. முணுமுணுத்தவர்களையும், பயந்தவர்களையும், மோசேயைத் திட்டியவர்களையும் அப்படியே கரையேற்றிவிட்டு, அதன்பின் "இனி நீங்கள் இப்படி வாழுங்கள்" என்று சொன்னார். விடுதலை முந்தியது, கற்பனை பிந்தியது. இந்த வரிசையைப் புரட்டிப் போட்டுவிட்டால், வேதத்திலுள்ள அதே வார்த்தைகளைக் கொண்டே ஒரு புதிய எகிப்தைக் கட்டிவிடலாம்.

பழைய ஏற்பாடு முழுவதும் சட்டம், புதிய ஏற்பாடு முழுவதும் கிருபை என்று எளிதாகப் பிரித்துச் சொல்லும் பிரசங்கங்களை என்னால் ஏற்க முடியாததற்கும் இதுவே காரணம். வேதாகமத்திலேயே நீளமான அதிகாரம் 119ஆம் சங்கீதம். அதன் 176 வசனங்களும் ஏறக்குறைய முழுவதுமாக நியாயப்பிரமாணம் என்னும் தேவனுடைய சட்டத்தைப் பற்றியவை. அவற்றில் ஒலிப்பது சுமையைத் தாங்க முடியாதவனின் முனகல் அன்று. விரும்பிய ஒருவரின் வார்த்தையை இராச்சாமத்திலும் எழுந்து நினைத்துக்கொள்ளும் ஒருவனின் குரல். விடுவிக்கப்பட்ட பின்பு கிடைத்த கற்பனையாக இருந்ததால்தான் அவனால் அதைத் தேனிலும் இனிமையானது என்று பாட முடிந்தது.

அப்படியானால் தவறு எங்கே நுழைகிறது? பெற்றுக்கொண்டவன் செலுத்தும் நன்றி, பெறுவதற்காகச் செலுத்தவேண்டிய விலையாக மாறும் இடத்தில். நம் சபைகளில் இது மிகத் தெளிவாகத் தெரிவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுக்கும் தசமபாகத்தில் என்பதால், அதைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி வீட்டுவேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர். ஒரு ஜூன் மாதம் தசமபாகத்திற்கென எடுத்து வைத்திருந்த பணத்தை மகளின் பள்ளிக் கட்டணத்திற்குக் கொடுத்துவிட்டார். அடுத்த சில வாரங்களில் அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்தது. கர்த்தருடைய பணத்தில் கை வைத்ததால்தான் இது நேர்ந்தது என்று அவர் இன்றும் நம்புகிறார். அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்கள் மல்கியா 3ஆம் அதிகாரத்தில் தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் பத்தாம் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள். அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தில், கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும் எதிராகத் தாமே தீவிரமான சாட்சியாக வருவேன் என்று கர்த்தர் சொல்வதை அவர்கள் வாசித்துக் காட்டவில்லை. உபாகமம் 14ஆம் அதிகாரத்தையும் அவர்கள் திறக்கவில்லை. அங்கே தசமபாகம் என்பது குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் உட்கார்ந்து சந்தோஷமாகப் புசிக்கவேண்டிய ஒன்று. மூன்றாம் வருஷத்திலோ அதை ஊர்வாசலில் சேர்த்து வைக்கவேண்டும். லேவியனும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் வந்து புசித்துத் திருப்தியடைய வேண்டும். அந்தச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கைக்கொள்ளும் சபை ஒன்று சென்னையில் இருந்தால், இந்தச் சகோதரியிடம் அது வாங்காது, கொடுக்கும்.

இதைச் சொல்வதால் காணிக்கை கொடுப்பதற்கு நான் எதிரானவள் என்று யாரும் எண்ணவேண்டாம். நான் கொடுக்கிறேன், கொடுப்பதில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு. பரிசேயரை இயேசு கடிந்துகொண்டபோதுகூட, சீரகத்திலும் வெந்தயத்திலும் தசமபாகம் செலுத்தியதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள், இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும் என்றே சொன்னார். அவர் சட்டத்தைக் கிழிக்க வந்தவராகப் பேசவில்லை. அதற்கு உரிய இடத்தில் அதை வைக்கிறவராகப் பேசினார். பக்கவாதத்தையும் பள்ளிக் கட்டணத்தையும் ஒரே கணக்கேட்டில் எழுதும் ஒரு கடன்காரனாகப் பரமபிதாவை ஒரு ஏழைப் பெண்ணின் மனத்தில் வரைந்து வைத்தவர்கள் அவருக்கு என்ன பதில் சொல்வார்களோ, நான் அறியேன்.

பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபம் இந்தப் புரட்டலை எதிர்த்து எழுதப்பட்டது. அதில் "மனுஷன் கிரியைகளினால் அல்ல, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான்" என்ற போதனை எந்தச் சூழலில் வருகிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. அது ஒரு சாப்பாட்டுப் பந்தியைப் பற்றிய சண்டையின் நடுவே வருகிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரான விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யூதரல்லாதவரோடு சாப்பிடுவதைத் தவிர்க்கும் யூதர் சிலர் எருசலேமிலிருந்து வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து பந்தியை விட்டு விலகினார். மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள், பர்னபாவும் இழுக்கப்பட்டுப் போனார். பேதுரு உபதேசத்தை மாற்றவில்லை, பிரசங்கத்தில் ஒரு வார்த்தையையும் திருத்தவில்லை. எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதைத்தான் பவுல் எல்லாருக்கும் முன்பாக எதிர்த்து, நீங்கள் சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்க நடக்கவில்லை என்று சொன்னார். கிறிஸ்து போதும் என்றால் அந்தப் பந்தியில் எல்லாருக்கும் இடம் உண்டு. கூடுதலாக ஒரு தகுதி வேண்டும் என்றால் கிறிஸ்து போதவில்லை என்று சொல்வதாகிவிடும். எருசலேமில் கூடிய சங்கத்தில் பேதுருவே எழுந்து நின்று, நம்முடைய பிதாக்களாலும் நம்மாலும் சுமக்கக்கூடாதிருந்த நுகத்தடியைச் சீஷருடைய கழுத்தின்மேல் சுமத்துவதென்ன என்று கேட்டதை அப்போஸ்தலருடைய நடபடிகள் 15ஆம் அதிகாரம் சொல்கிறது.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊரின் வரலாறு நினைவுக்கு வருகிறது. 1833ஆம் ஆண்டில், கல்கத்தாவின் பேராயராக இருந்த டானியேல் வில்சன், தமிழ்ச் சபைகளில் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். அதுவரை ஆலயத்துக்குள்ளேயே சாதியின்படி தனித்தனியாக உட்காருவதும், திருவிருந்தில் ஒரு சாதியார் முதலாவதாகவும் மற்றவர் அடுத்ததாகவும் வருவதும் வழக்கமாக இருந்தன. அந்த மடலை ஏற்க மறுத்து வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். அவர்கள் ஜெபம் தெரியாதவர்கள் அல்லர். ஞானஸ்நானம் பெற்றவர்கள், உபதேசம் கற்றவர்கள், ஒழுங்காக ஆராதனைக்கு வந்தவர்கள். எல்லா முறைமைகளையும் கைக்கொண்டவர்கள் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ண மட்டும் மறுத்தார்கள். இன்றும் நகை அணிவதைப்பற்றியும், திரைப்படம் பார்ப்பதைப்பற்றியும், பொட்டு வைப்பதைப்பற்றியும் கண்டிப்பாகப் பேசும் குடும்பங்கள், திருமணம் என்று வந்தவுடன் எந்தத் தயக்கமும் இல்லாமல் சாதியைக் கேட்டு வரன் தேடுகின்றன. விசுவாசத்தினால் மாத்திரம் இரட்சிப்பு என்று சீர்திருத்தத் திருநாளில் பாடிவிட்டு, மணமேடையில் பேதுருவைப்போல் எழுந்து வேறு பந்திக்குப் போகிறோம். தோழி சொல்லும் மதச் சட்டம் என்னும் பேச்சை நான் ஏற்கவேண்டும் என்றால், முதலில் இந்தச் சட்டத்தின்மேல் கை வைக்கும்படி அவளிடம் கேட்பேன்.

சட்டத்தைக் கைக்கொண்டு வாழ்ந்து, அதனாலேயே தகப்பனை அறியாமல் போன ஒருவனை லூக்கா 15ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கெட்ட குமாரன் திரும்பி வந்த கதையில் மூத்தவன் பேசும் வார்த்தைகளைக் கவனியுங்கள். இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்தேன், உம்முடைய கற்பனையை ஒருக்காலும் மீறவில்லை, எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியையாவது கொடுக்கவில்லையே என்கிறான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது மகன் பேசும் பேச்சா, சம்பளம் பாக்கி என்று வழக்காடும் வேலைக்காரன் பேசும் பேச்சா? "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்று தகப்பன் பதில் சொல்கிறார். அவன் கேட்ட ஆட்டுக்குட்டி எப்போதுமே அவனுடையதாகத்தான் இருந்தது. சபையிலேயே பிறந்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்காகச் சொல்லப்பட்ட வசனம் இது என்றே நான் நினைக்கிறேன்.

முறைமைகளை மிகக் கடுமையாகக் கைக்கொண்டவர்களில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் போல் ஒருவரைச் சொல்வது கடினம். ஆக்ஸ்போர்டில் இருந்த நாட்களில் அவரும் அவருடைய நண்பர்களும் புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் உபவாசித்தார்கள், சிறைச்சாலைகளுக்குச் சென்றார்கள், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு வைத்தார்கள். 1735இல் அமெரிக்காவுக்கு மிஷனரியாகக் கப்பலேறினார். அங்கிருந்து மனம் உடைந்து திரும்பி வருகையில், பிறரை மனந்திருப்பப் போன என்னை மனந்திருப்புவது யார் என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். 1738 மே 24ஆம் தேதி லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தம் இருதயம் அனல்கொண்டதையும், இரட்சிப்புக்காகக் கிறிஸ்துவை மாத்திரம் நம்புகிறேன் என்று உணர்ந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். இதுவரை உள்ள கதையைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருப்போம். அதன்பின் நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. அதே வெஸ்லி 1743இல் தம் சங்கங்களுக்கென்று பொது விதிகளை எழுதினார்: தீங்கு செய்யாதிருங்கள், இயன்ற நன்மையெல்லாம் செய்யுங்கள், ஆராதனை, திருவிருந்து, வேதவாசிப்பு, ஜெபம், உபவாசம் ஆகிய நியமங்களைக் கைக்கொள்ளுங்கள் என்பவை அவை. கிருபையை அனுபவித்தவர் விதிகளைத் தூக்கி எறியவில்லை. முன்பு கைக்கொண்ட அதே உபவாசத்தையும் அதே சிறைச் சந்திப்பையும் வேறொரு இருதயத்தோடு செய்தார். ராயப்பேட்டையில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஆலயத்தைக் கடக்கும்போது, இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும் என்று எண்ணிக்கொள்வேன்.

கத்தோலிக்கச் சகோதரர்களைப்பற்றியும் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் கிரியைகளால் இரட்சிப்பைத் தேடுகிறவர்கள் என்று நாங்கள் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தோம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத் திருவிழாவுக்குக் காவியுடுத்தி நடந்து வருகிறவர்களைப் பார்த்தவுடன், இவர்கள் நடந்தே பரலோகத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள் என்று பேசும் புரொட்டஸ்டண்டுகளை நான் அறிவேன். ஆனால் 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் வெளியிட்ட ஆணையே, நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் உள்ள எதுவும், விசுவாசமாயினும் கிரியையாயினும், அந்தக் கிருபையைச் சம்பாதிப்பதில்லை என்று சொல்கிறது. 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உலக லூத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதலைப்பற்றிக் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினால் மாத்திரமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்தக் கிருபையே நற்கிரியைகளுக்கு நம்மை அழைக்கிறது என்று இருவரும் ஒரே குரலில் அறிக்கை செய்தார்கள். 2006இல் உலக மெதடிஸ்ட் மன்றமும் அதில் இணைந்தது. வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வெறுங்காலோடு நடந்து வருகிற ஒருவரின் உள்ளத்தில் இருப்பது விலையா நன்றியா என்பதைச் சாலையோரத்தில் நின்றுகொண்டு தீர்மானிக்கும் அதிகாரம் நமக்குக் கொடுக்கப்படவில்லை.

இந்த விவாதம் தமிழ் மண்ணுக்கும் புதிதன்று. சரணாகதியில் மனிதனுக்குப் பங்கு உண்டா என்று வைணவத்தின் இரு கலையாரும் நூற்றாண்டுகளாகப் பேசி வந்திருக்கிறார்கள். தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையார் காட்ட, தாய் வாயால் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டியைத் தென்கலையார் காட்டினார்கள். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதை எண்ணும்போது, கிருபையைப்பற்றி அவர் பாடியவை ஏன் இரவல் குரலாக ஒலிக்கவில்லை என்பது எனக்கு விளங்குகிறது.

இனித் தோழியின் பக்கத்துக்கு வருகிறேன். உறவு என்று அவள் சொல்வதை நான் மதிக்கிறேன். ஒன்றான மெய்த்தேவனையும் அவர் அனுப்பின இயேசு கிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன் என்று யோவான் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. அறிதல் என்பது உறவுதான். கர்த்தாவே, கர்த்தாவே என்று அழைத்து, அவர் நாமத்தில் தீர்க்கதரிசனமும் அற்புதங்களும் செய்தவர்களிடம் அவர் சொல்லப்போவதும், நீங்கள் விதியை மீறினீர்கள் என்பதோடு நிற்கவில்லை. "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்பதே அவர் முதலில் சொல்லும் வார்த்தை. ஆனாலும் அதே பகுதியில், பிதாவின் சித்தத்தின்படி செய்கிறவனே பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பான் என்றும் சொல்லியிருக்கிறார். "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்று கடைசி இராப்போஜன இரவில் சொன்னவரும் அவர்தான். எதையும் என்னிடம் கேட்காத, எதற்கும் என்னைக் கடிந்துகொள்ளாத, நான் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் சமாதானம் தருகிற ஒருவரோடு எனக்கு உறவு இருக்கிறது என்றால், அந்த ஒருவர் பெரும்பாலும் நானாகவே இருப்பேன். ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹாஃபர் 1937இல் இதை மலிவான கிருபை என்று எழுதினார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். கீழ்ப்படிதல் எவ்வளவு விலையுள்ளது என்பதை அறியாமல் எழுதியவர் அல்லர் அவர்.

உணர்ச்சி வற்றிப்போகும் நாட்களும் உண்டு. என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த இரவுகளில், மருத்துவமனையின் வெளித்தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த எனக்குச் சொந்தமாக ஒரு ஜெபமும் வரவில்லை. ஆண்டவர் அருகில் இருக்கிறார் என்ற உணர்வும் இல்லை. சிறுவயது முதல் ஞாயிறுதோறும் சபையாரோடு சேர்ந்து சொல்லிப் பழகிய பாவ அறிக்கையும், கர்த்தருடைய ஜெபமும், 23ஆம் சங்கீதமும் மட்டுமே வாய்க்கு வந்தன. அவற்றைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மனிதர் ஏற்படுத்திய முறைமை என்று தோழி சொல்வது அன்று எனக்குப் பதிலாக ஜெபித்தது. உறவைக் காக்கிற முறைமைகள் உண்டு என்பதை அந்த நாட்கள் எனக்கு உறுதிப்படுத்தின. அதனால் வழிபாட்டு ஒழுங்கை யாராவது வெறும் சடங்கு என்று சொன்னால் என்னால் அமைதியாக இருக்க முடிவதில்லை.

சிலுவையில் தொங்கிய கள்ளனை இந்த வாதத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஞானஸ்நானம் பெறாமல், ஒரு ஓய்வுநாளையும் ஆசரிக்காமல், ஒரு காசும் காணிக்கை கொடுக்காமல், "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கைப் பெற்றவன் அவன். இரட்சிப்பு கிருபையே என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. ஆனால் அவனுக்குப் பக்கத்தில் எரிகோவின் வரிவசூல்காரனான சகேயுவையும் நிறுத்தவேண்டும் என்பது என் எண்ணம். கள்ளனின் கைகள் ஆணியடிக்கப்பட்டிருந்தன; சகேயுவின் கைகளில் பணப்பை இருந்தது. நான் உன் வீட்டிலே தங்கவேண்டும் என்று இயேசு முதலில் சொல்கிறார். அவன் எதையும் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னரே, ஊரார் முறுமுறுக்கும்படி, அவன் வீட்டுக்குள் நுழைகிறார். அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவிக்கிறார். சீனாயில் இருந்த அதே வரிசை எரிகோவிலும் இருக்கிறது. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், இது கிரியைகளினால் உண்டானதல்ல என்று எபேசியருக்கு எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று எழுதியதும் அந்த வரிசையில்தான். கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியபோது அவர் பவுலோடு சண்டையிடவில்லை. சகேயு அந்த விருந்தை உண்டபின் பணப்பையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லவேண்டுமோ அதைச் சொன்னார்.

அண்ணன் மகளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதிருப்பது கிறிஸ்தவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே கிடைத்த வசதி அன்று. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 321ஆம் ஆண்டில்தான் ஞாயிறை ஓய்வுநாளாக ஆக்கினார். அதற்கு முந்திய தலைமுறைகளில் இருந்த விசுவாசிகள் குறித்த நாளில் விடியற்காலத்துக்கு முன்னே கூடிக் கிறிஸ்துவைப் பாடிவிட்டுக் கலைந்துபோனார்கள் என்பது, ஏறக்குறைய 112ஆம் ஆண்டில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்திலிருந்து தெரிகிறது. அவர்கள் தண்டனைக்குப் பயந்து கூடவில்லை. கூடினால்தான் தண்டனை இருந்தது. ஆகவே, தவறவிட்ட ஞாயிறுகளுக்காக உன்னை ஆண்டவர் தள்ளிவிட்டார் என்று பயப்படாதே, ஆனால் சபை கூடிவருதலை விட்டுவிடவும் வேண்டாம், இந்த நகரத்தில் மாலை ஆராதனை நடக்கும் ஆலயங்கள் பல உண்டு, தூங்கி எழுந்து அங்கே போ என்றேன். போகாதபோது உனக்குள் எழுவது, அடி விழும் என்ற திகிலா, அவரையும் அவருடைய ஜனங்களையும் காணாமல் ஒரு வாரம் போயிற்றே என்ற ஏக்கமா என்று பார்த்துக்கொள் என்றும் சொன்னேன். திகிலாக இருந்தால் அவள் கேட்கவேண்டியது சுவிசேஷம். எந்த ஏக்கமும் எழவில்லை என்றாலும் அவள் கேட்கவேண்டியது அதே சுவிசேஷம்தான்.

இதையெல்லாம் தனிமனிதரின் மனநிலையோடு நிறுத்திவிட எனக்கு விருப்பமில்லை. சபைகள் தம்முடைய விதிகளின் மூலம் போதிக்கின்றன, சில வேளைகளில் பிரசங்கத்தைவிட உரக்கவே போதிக்கின்றன. ஒரு வீட்டில் மரணம் நேர்ந்து, கல்லறைக்கான கடிதம் கேட்டு ஆலய அலுவலகத்துக்கு வரும் மகனிடம், முதல் வேலையாகச் சந்தாப் பதிவேட்டைத் திறந்து எத்தனை ஆண்டு பாக்கி என்று பார்க்கும் வழக்கத்தை நான் கண்டிருக்கிறேன். சந்தா தேவையானது, ஆலயத்தின் மின்கட்டணமும் பணியாளரின் சம்பளமும் அதிலிருந்துதான் வருகின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேளையில் அந்தப் பதிவேடு திறக்கப்படும்போது, உன் தகப்பனுக்கு இங்கே இடம் உண்டா என்பது அவர் கட்டிய தொகையைப் பொறுத்தது என்ற உபதேசத்தை அந்தக் குடும்பம் கற்றுக்கொள்கிறது. அதற்குப் பின் நாம் ஞாயிறுதோறும் கிருபையைப்பற்றிப் பாடுவதை அவர்கள் நம்புவது கடினம். சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டிகளில் இருக்கும் சகோதர சகோதரிகள் இதை வாசித்தால், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இந்த ஒன்றைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: அடக்கம் முடிந்து முப்பது நாட்கள் ஆகும்வரை அந்த வீட்டாரிடம் பாக்கியைப்பற்றி யாரும் பேசக்கூடாது என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். அதையும் ஒரு விதியாகவே எழுதி வையுங்கள்.